பியட் காரின் இடப்பக்கக் கதவு

பொட்டுவெடி ரூமில் வேலை பார்க்கிற பெண்கள் காலைத் தேய்த்து நடக்கமாட்டார்கள். நாரணாபுரத்திலிருந்து சிவகாசிக் கடைத்தெருவுக்கு அவர்கள் வந்தால் கூட்டத்தில் தனியாகத் தெரியும். பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். வீட்டில் அம்மியில் அரைக்கும்போதுகூட முதல் இழுப்புக்குக் கை தயங்கும் என்று ஒருத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். பொம்மைத் துப்பாக்கியில் வைத்து அடிக்கிற சிவப்புப் பொட்டுக்கான மருந்து அப்படிப்பட்டது. தண்ணீரில் கிடக்கும்வரை வெறும் சேறு. காய்ந்துவிட்டால் நகம் உரசினாலே போதும்.

அந்த ரூமில் ஒரு முறை உண்டு. தட்டுத் துடைக்கிற துணிகளைக் காலையில் எண்ணிக் கொடுப்பார்கள்; சாயந்திரம் எண்ணி வாங்குவார்கள். எட்டு போனால் எட்டு வரவேண்டும். நாள் முழுக்க அவை தண்ணீர் வாளியை விட்டு வெளியே கிடக்கக்கூடாது. கிழிந்துபோன துணியை ஈரத்தோடு குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

சண்முகவேலுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றில் லோடு அனுப்புகிற பொறுப்பில் இருந்தார். ஆனால் அந்த ரூம் வாசலை அவர் மிதித்தது கிடையாது. மிதிக்கமாட்டேன் என்றே சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தார் என்பார்கள். பெட்டிகளை லாரியில் ஏற்றும்போதுகூட, குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பார்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. சண்முகவேல் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் அதிகமாகக் கேட்டது கரண்டிச் சத்தம் அல்ல, ஸ்பானர் சத்தம்.

அவரிடம் ஒரு பியட் கார் இருந்தது. முதலாளி வைத்திருந்த வண்டி. ஆமத்தூர் ஓடையில் ஒரு மழைநாளில் கவிழ்ந்து இடப்பக்கம் நசுங்கிவிட்டது. இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. சண்முகவேல் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் பனையோலைக் கொட்டகை போட்டு நிறுத்தினார். ஒன்றரை வருஷம். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டித் துணியில் வரிசையாகப் பரப்பி, மறுபடி பூட்டினார். வண்டி ஓடியது. பச்சைக் கலர் அடித்தார்.

அவரைப் போலவே பியட் பைத்தியம் பிடித்தவர் பலவேசம். பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவரிடமும் ஒரு பியட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்தால் இரண்டு வண்டியில் ஒன்று கட்டாயம் பிரிந்து கிடக்கும். ஓடாமல் கிடந்தது என்று பிரிக்கமாட்டார்கள். நன்றாக ஓடுகிறதே, ஏன் என்று பார்க்கப் பிரிப்பார்கள்.

டாக்சி ஓட்டுகிற சங்கிலிமுத்து அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்திவிட்டு வம்புக்கு வருவான். அவனிடம் இருந்தது லேண்ட்மாஸ்டர், பியட்டைவிடப் பெரிய கார்.

“என்ன அண்ணாச்சி, கன்னுக்குட்டியை இன்னைக்கும் படுக்கப் போட்டுட்டீகளா? என் எருமையைப் பாருங்க, மதுரைக்குப் போய்ட்டு வந்து அசை போட்டுக்கிட்டு நிக்கி.”

“எருமை எங்க போனாலும் சேறுதானலே தேடும்,” என்பார் பலவேசம். “இத்தாலிக்காரன் இதை வண்டியாவா செஞ்சான்? கைக்கடியாரம் செய்யுத மாதிரில்லா செஞ்சிருக்கான்.”

“அப்பம் கையில கட்டிக்கிட்டு மதுரைக்கு நடந்தே போங்க.”

சண்முகவேல் சிரிப்பாரே தவிரப் பேசமாட்டார். ஒரே ஒரு தடவைதான் அவர் வாய்விட்டு வாதாடிப் பார்த்தேன். ஊசிவெடிக்குப் புது லேபிள் போடவேண்டும் என்று எங்கள் அச்சகத்துக்கு வந்தவர், பச்சைப் பியட் படத்தைப் போடச் சொன்னார். முதலாளி லட்சுமி படம்தான் வேண்டும் என்றாராம். “லட்சுமி கார்ல வந்து எறங்குனா ஆகாதா?” என்று எங்கள் ஓவியரிடம் அரைமணி நேரம் மன்றாடிவிட்டுப் போனார்.

வண்டியில் ஒரு குறை மட்டும் தீரவில்லை. இடப்பக்க முன்கதவு. அந்தக் காலத்துப் பியட்டில் முன்கதவுக்குக் கீல் பின்னால் இருக்கும், பூட்டு முன்னால் இருக்கும். ஓடும்போது பூட்டு நழுவினால் காற்றே கதவைப் பிடித்து இழுத்து அகலத் திறந்துவிடும். நசுங்கி நிமிர்த்திய பக்கம் என்பதால் பூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்திருந்தது. மாசி மாதம் ஒருநாள் திருத்தங்கல் வளைவில் அந்தக் கதவு திறந்துகொண்டது. மனைவி பொன்னுத்தங்கம் மடியில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் பிள்ளையை இறுக்கி, மறு கையால் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வண்டி என்றால் பயம். கதவை ஒரு தடவை சாத்தினால் மனசு ஆறாது. திறந்து மறுபடி அடித்துச் சாத்துவாள். போகும்போதும் இழுத்து இழுத்துப் பார்ப்பாள்.

“வித்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்பாள் தினமும்.

“கதவுதான தங்கம்? சரிபண்ணிருதேன்,” என்பார் அவர்.

சரிபண்ணினார்.

அந்த வருஷம் விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பொன்னுத்தங்கம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். ஆறு வயது மகள் முத்துமாரிக்கு அம்மை வந்து, கண்ணுக்குள் இறங்கிவிடும் என்று வைத்தியரே கைவிட்டு, பிறகு ஒரு தழும்போடு தப்பியிருந்தது. தீச்சட்டி அன்று கம்பெனி லீவு. ஆனால் கல்கத்தா லோடு ஒன்று காலையில் ஏறவேண்டியிருந்தது. அதனால் சண்முகவேல் தன் வண்டியைப் பலவேசத்திடம் கொடுத்து, மனைவியையும் மகளையும் அனுப்பிவைத்தார். அவரும் நானும் பின்னால் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு வண்டி கிளம்பியபோது நான் வாசலில் நின்றேன். பொன்னுத்தங்கம் மஞ்சள் சேலையில் ஏறி உட்கார்ந்து, கதவை அடித்துச் சாத்தினாள்.

“மெதுவா, மெதுவா,” என்றார் சண்முகவேல். “இப்பம் கச்சிதமா உக்காரும். துணி வச்சு இறுக்கியிருக்கேன்.”

லோடு ஏற்றிவிட்டு அவர் வந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு நின்றபோது மணி ஒன்பதரை இருக்கும். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். நாரணாபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். உதடு வெளுத்திருந்தது. பெயர் வெள்ளைத்தாய். பொட்டுவெடி ரூமில் வேலை பார்க்கிறவள்.

“அய்யா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது.”

“கேளும்மா.”

“முந்தாநாள் சாயந்திரம் கம்பெனிக் கெணத்தடியில ஒரு வாளி இருந்துச்சுல்லா? அதுல இருந்து ஏதும் எடுத்தீகளா?”

சண்முகவேல் கொஞ்சம் வெட்கப்பட்டார். “ரெண்டு துணி எடுத்தேன். கைதொடைக்கிற துணிதான? நல்ல கெட்டித் துணியாக் கெடந்துச்சு. வண்டிக் கதவுக்கு வேணும்னு…”

அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க ரூம் துணி அய்யா. எங்க வாளி ஒளுகிருச்சு. கைகளுவுத வாளிய எடுத்து, துணியப் போட்டு, கெணத்தடியில வச்சுட்டு மூடி எடுக்கப் போனேன். வந்து எண்ணுனா எட்டுக்கு ஆறுதான் இருக்கு. மேஸ்திரிகிட்டச் சொன்னா சீட்டைக் கிளிச்சுருவாகன்னு பயந்து எட்டுன்னு சொல்லிட்டேன். நேத்து முச்சூடும் சோறு எறங்கலை. எந்த வீட்டுப் பிள்ளை எடுத்துக்கிட்டுப் போச்சோன்னு வீடு வீடாக் கேட்டுக்கிட்டு வாரேன். நீங்க கெணத்தடியில நின்னு என்னமோ பிளிஞ்சீகன்னு இன்னைக்குத்தான் ஒருத்தி சொன்னா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “துணி எங்க இருக்கு அய்யா? தண்ணியிலதான இருக்கு?”

சண்முகவேல் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கைகளால்தான் அவற்றைப் பிழிந்திருந்தார். மடித்து, சுத்தியால் தட்டி, கதவு இடுக்கில் ஏற்றியிருந்தார். ஈரம் இருந்ததால் அன்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் பங்குனி வெயில்.

“கதவு இடுக்குல,” என்றார். “அந்தக் கதவு ஓரத்துல என் பிள்ளை உக்காந்து போயிருக்கு.”

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் கோர்வையாக இல்லை. செருப்புப் போடாமல் தெருவில் ஓடினார். நானும் ஓடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சங்கிலிமுத்து லேண்ட்மாஸ்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன அண்ணாச்சி, கன்னுக்குட்டி காலை ஒடிச்சுக்…” என்று ஆரம்பித்தவன், சண்முகவேல் முகத்தைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். நான் நாலு வார்த்தையில் சொன்னேன். அவன் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு மதுரை போக வாடகை பேசி வைத்திருந்தானாம். அவர்கள் சாமான்களோடு பக்கத்திலேயே நின்றார்கள். “வேற வண்டி பாத்துக்கிடுங்க தாயீ, மன்னிச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு எடுத்தான்.

சாலை நெடுக ஜனம். கரிசல் காட்டைக் கடந்து வருகிற மாட்டுவண்டிகள், மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக நடக்கிற பெண்கள், தோளில் பிள்ளைகள். பருத்தி எடுத்து முடிந்த காடு கருகிக் கிடந்தது. சாலையில் எங்கே எண்ணெய்க் கறுப்புத் தெரிந்தாலும் வண்டி எரிந்த தடமோ என்று சண்முகவேல் முன் கண்ணாடியில் முட்டிக்கொள்வதுபோல் குனிந்து பார்ப்பார். தாண்டிய பிறகு மூச்சு விடுவார். அடுத்த கறுப்பு வரைக்கும்தான் அந்த மூச்சு.

திருத்தங்கலில் ரயில்வே கேட் போட்டிருந்தது.

சங்கிலிமுத்து இறங்கி ஓடிக் கேட்காரனிடம் கையைக் கூப்பினான். அவன் தண்டவாளத்தைக் காட்டினான். சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது, ஆனால் அவசரமில்லாமல் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான் சங்கிலிமுத்து. வண்டிக்குள் கொதித்தது.

“அவ ரெண்டு தடவை அடிச்சுச் சாத்துவா,” என்றார் சண்முகவேல். “பயத்துல. நான் ஏற்படுத்துன பயம்தான. ஒவ்வொரு தடவையும் அடிச்சுச் சாத்துவா.”

அவரைப் பேச வைக்கவேண்டும் என்று சங்கிலிமுத்துக்குத் தோன்றியிருக்கவேண்டும். வம்பு இல்லாத குரலில் கேட்டான்.

“நானும் இம்புட்டு நாளா கேக்கணும்னு இருந்தேன் அண்ணாச்சி. ஓடையில கெடந்த வண்டி. சாமானுக்கு பம்பாய்க்கு எளுதிப் போட்டுட்டு மாசக்கணக்கா உக்காந்திருக்கீக. அப்படி என்னதான் இருக்கு அதுல?”

சண்முகவேல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கம்பெனியில பதினாலு வருசமா இருக்கேன்லே. காலையில கேட்டுக்குள்ள போனா சாயந்திரம் வாரது வரைக்கும் இந்தக் கைக்குப் பயம். எதைத் தொட்டாலும் பயம். ஒரு பெட்டியை வைக்கும்போது கீள தரை இருக்கான்னு ரெண்டு தடவை பாப்பேன். வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சாக்கூட அது போகாது. அந்த வண்டியப் பிரிச்சன்னைக்குத்தான்… எப்படிச் சொல்ல? சின்ன வண்டி. எல்லாம் கைக்குள்ள அடங்கும். ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குன்னு தெரியும். இறுக்குனா இறுகும், தளத்துனா தளரும். அந்த இத்தாலிக்காரன் யாருன்னு தெரியாது. ஆனா பின்னால ஒருத்தன் பிரிச்சுப் பாப்பான்னு நெனச்சே ஒவ்வொண்ணையும் வச்சிருக்கான். அங்கன கை வச்சா மட்டும் பயம் இருக்காதுலே எனக்கு. அங்கன மட்டுந்தான்.”

சற்றுப் பொறுத்து மறுபடி சொன்னார்: “அங்கன கொண்டுபோய் நானே வச்சிட்டேன்.”

சரக்கு வண்டி கடந்தது. பெட்டிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. சங்கிலிமுத்து ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஆமத்தூரில் ஒரு சோடாக் கடையில் நிறுத்திக் கேட்டோம்.

“பச்சைக் கலர் சின்னக் காரா? நின்னுட்டுத்தான் போச்சு. மஞ்சச் சேலை கட்டின அம்மா. பாப்பா வெள்ளரிப்பிஞ்சு கேட்டுச்சுன்னு எறங்குனாக. ஏறிக் கதவைச் சாத்துனாக பாருங்க, மூணு தடவை! கதவு என்னத்துக்கு ஆகும்னு எம் பொஞ்சாதி சொல்லிச் சிரிச்சா. எட்டரை மணி இருக்கும்.”

சண்முகவேல் காருக்கு வெளியே போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. சோடாக்காரர் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்து, காசை வாங்கமாட்டேன் என்று கையை ஆட்டினார். ஏன், என்ன என்று அவர் கேட்கவில்லை. நான் இன்றைக்கும் அந்தக் கடை இருந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போடுகிறேன்.

விருதுநகருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றாகியிருந்தது. கொட்டும் உறுமியும் காதை அடைத்தன. கோயிலுக்குப் போகிற தெருக்களில் தீச்சட்டிகள் வரிசையாகப் போயின. கையில் வேப்பிலை, அதன்மேல் சட்டி, சட்டியில் தீ. காற்றடித்தால் பொறி பறந்தது. சட்டி ஏந்துகிறவர்கள் காலில் வார்ப்பதற்காக வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து தேடினோம்.

பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றின் சுவரோரம் நின்றது பச்சைப் பியட். முழு வெயிலில். உள்ளே யாரும் இல்லை.

சண்முகவேல் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். பிறகு கை தானாகக் கீழே வந்தது. வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு பேர். மட்கார்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கக் கதவில் ஒரு சின்னப் பெண் சாய்ந்துகொண்டு, குச்சியால் அந்த இடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கத்தக்கூடாது என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. கத்தினால் பிள்ளைகள் கதவில் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். தெரு முழுக்கத் தீச்சட்டி. சங்கிலிமுத்துதான் முதலில் வாய் திறந்தான். திருவிழா வியாபாரி மாதிரி சிரித்துக்கொண்டு போனான்.

“ஏலே, இந்தச் சோப்பு டப்பாவுல என்னலே உக்காந்துகிட்டு? அந்தா நிக்கி பாருங்க, என் வண்டி. யாரு மொதல்ல போய் ஏறுதாகளோ அவுக ஹாரன் அடிச்சுக்கிடலாம். மெதுவா எறங்குங்க, மெதுவா. ஏ குட்டித் தங்கம், குச்சியைக் கீள போட்டுட்டு மாமாகிட்ட வா.”

அவன் வண்டியை யாரும் தொடுவதை அவனால் பொறுக்கமுடியாது. அன்று அந்தப் பன்னிரண்டு பேரும் சீட்டில் மண்காலோடு ஏறி மிதித்தார்கள். ஹாரன் சத்தம் கொட்டுச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது.

“தண்ணி,” என்றார் சண்முகவேல். “கதவைத் தொடக்கூடாது. மேல இருந்து இடுக்குல தண்ணி ஊத்தணும். ஊறணும்.”

நான் எதிர்வீட்டு வாசலுக்கு ஓடினேன். ஒரு பெண் மண்குடத்தோடு நின்றாள்.

“தண்ணி வேணும் தாயீ.”

“யாரு கால்ல ஊத்தணும்?”

“அந்தக் கார்க் கதவுல.”

அவள் காரைப் பார்த்தாள். வெயிலில் வெறுங்காலோடு, கையைக் காருக்கு நேராக நீட்டிக்கொண்டு, தொடாமல் நிற்கிற மனுசரைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒன்றும் கேட்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் காட்டிய இடத்தில், கூரை ஓரத்திலிருந்து கதவு இடுக்கு வழியாக இறங்கும்படி நிதானமாக வார்த்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணும் வந்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள். நேர்த்திக்கடன் என்று நினைத்தவர்கள் உண்டு. குலவை போட்டவளும் உண்டு. மஞ்சள் தண்ணீர் பச்சைக் கதவில் வழிந்து, வேப்பிலை ஒட்டி, தெருப் புழுதியில் ஓடையாகப் போனது. சண்முகவேல் “இன்னும், இன்னும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது குடமாவது இருக்கும்.

“போதும். எல்லாரும் தள்ளிப் போங்க,” என்றார் கடைசியில். பெண்களை நாங்கள் எதிர்ச்சுவருக்கு அழைத்துப்போனோம். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கைப்பிடியை அழுத்தினார்.

கதவு திறந்தது. தண்ணீர் கொட்டியது. வேறு ஒன்றும் இல்லை.

மடித்து வைத்த துணி இரண்டும் சதசதவென்று வந்தன. குடம் கொண்டுவந்த பெண், மிச்சத் தண்ணீரோடு தன் மண்குடத்தையே நீட்டினாள். துணியை அதற்குள் போடுமுன் சண்முகவேல் ஒன்றைப் பிரித்தார். மடிப்பின் நடுவில், புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் கருகியிருந்தது.

அவர் அந்த ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு துணியைக் குடத்துக்குள் போட்டுவிட்டு, சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அரைமணி கழித்து அவர்கள் வந்தார்கள். பலவேசம் தோளில் முத்துமாரி, கையில் பாதி கடித்த பொரி உருண்டை. பின்னால் பொன்னுத்தங்கம், தலையெல்லாம் ஈரம், நெற்றி நிறைய விபூதி. சட்டியைக் கோயிலில் இறக்கிவிட்டு வந்திருந்தாள்.

“என்னய்யா இது, வண்டிக்கு மஞ்ச நீராட்டு வெளாவா?” என்றார் பலவேசம்.

யாரும் சிரிக்கவில்லை. சண்முகவேல் எழுந்து நின்று, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. கிணற்றடி, துணி, சுத்தியால் தட்டி ஏற்றியது, வெள்ளைத்தாய் வந்து சொன்னது, அந்த ஓட்டை.

பலவேசத்தின் முகம் வெளுத்தது. “ஆமத்தூர்ல,” என்றார். “மூணாந்தடவை சாத்தும்போது டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. எந்தப் பயலோ பொட்டுவெடி அடிக்கான்னு நெனச்சேன். திரும்பிக்கூடப் பாக்கலையே.”

ஒரு பொறி பிடித்து, மடிப்புக்குள் மிஞ்சியிருந்த ஏதோ ஈரத்தில் அணைந்திருக்கிறது. அந்த ஈரத்தை அங்கே மிச்சம் வைத்தது யார் என்று நான் இத்தனை வருஷத்தில் பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

பொன்னுத்தங்கம் மகளைத் தோளிலிருந்து வாங்கினாள். நெருப்புச் சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றியபோது ஆடாத கை, இப்போது பிள்ளையைப் பிடிக்க முடியாமல் ஆடியது. என்னிடம் கொடுத்தாள்.

“அந்தப் பொம்பளை எங்க?” என்றாள் பிறகு.

“யாரு?”

“வெள்ளைத்தாயி.”

“நம்ம வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கா. நாளைக்கு மொதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லப்போறேன், எடுத்தது நான்னு. அவ மேல பளி விளக்கூடாது.”

“நாளைக்கு இல்லை. இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. ஒரு ராத்திரி அவ எதுக்குப் பயந்து கெடக்கணும்?”

“சரி.” அவர் காரைப் பார்க்காமலே சொன்னார். “இது இங்கனயே கெடக்கட்டும் தங்கம். யாராவது இரும்புக்கு எடுத்துக்கிடட்டும். நீ சொன்னப்பமே கேட்டிருக்கணும். எனக்கு இதுல கை வைக்கப் பயமா இருக்கு.”

பலவேசம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சங்கிலிமுத்து அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அந்த வண்டியை விற்கவேண்டும் என்று ஒரு மாதமாக அழுத பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“வண்டி என்ன பண்ணுச்சு?” என்றாள் பொன்னுத்தங்கம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கம்பெனியில எதைத் தொட்டாலும் ரெண்டு தடவை யோசிக்கிற மனுசன், இதுக்கு வேணும்னதும் யோசிக்காம எடுத்திருக்கீக. தப்பு உங்க கை பண்ணுச்சு. அதைக் கொண்டாந்து நடுத்தெருவுல விட்டா உங்க பயம் போயிருமா? வீட்டுக்குக் கூடவேதான வரும்?” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “பிள்ளை பெரிய வண்டியில வரட்டும். சீனிவாசகம் தம்பி, மடியில வச்சுக்கிடுங்க. நான் இதுல வாரேன்.”

“வேண்டாம் தங்கம்.”

“எந்தக் கதவுல வச்சீக?”

அவர் காட்டினார்.

அவள் நனைந்த சீட்டில் ஏறி, அந்தக் கதவோரமே உட்கார்ந்தாள். முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“சாத்துங்க.”

“நீயே…”

“நான் சாத்தமாட்டேன். நீங்க சாத்துங்க.”

சண்முகவேல் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்தார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன.

பொன்னுத்தங்கம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு மற்றதையும் திறந்தாள்.

“என்னங்க,” என்றாள். “உசிரோடதான் இருக்கோம். வண்டிய எடுங்க.”